இருபத்தேழாம் பக்கத்தில் குகன்

1

வந்திருந்தவர்கள்: அஜக்ஸிலிருந்து தருமலிங்கம் அங்கிள், அவருடைய தங்கை ராசமணி அன்ரி, அங்கிளின் பதினேழு வயது மகள் ஷாலினி, பத்திரிகை முதலாளி சிவநேசன் அண்ணை, நான். வராதவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் அங்கிளுக்கும் அன்ரிக்கும் தகப்பனாரான கதிரவேலு. முதல்நாள் காலை ஸ்காபரோ மருத்துவமனை ஒன்றில் எண்பத்தொரு வயதில் காலமாகிவிட்டார். அவருக்கு மரண அறிவித்தல் போடத்தான் கூடியிருந்தோம். மற்றவர் குகன், அந்த வீட்டின் கடைக்குட்டி. அவர் ஏன் வரவில்லை என்பது யாருக்கும் தெரியாது. போர் முடிந்த நாளிலிருந்து, இரண்டு மாதமாகத் தெரியாது.

அது 2009ஆம் ஆண்டு ஆடி மாதம், ஒரு புதன்கிழமை. இடம் கனடாவில், வெக்ஸ்போர்ட்டில் ஒரு பிளாசா, அதாவது கடைத்தொகுதி. ஒரு பக்கம் சலூன், மறுபக்கம் கார் ஓட்டப் பழக்கும் பள்ளிக்கூடம், நடுவில் எங்கள் பத்திரிகை.

ஊரில் இருப்பவர்களுக்கு இந்தப் பத்திரிகையைக் கொஞ்சம் விளக்க வேண்டும். வாரம் ஒருமுறை, நாற்பது பக்கம், இலவசம். வெள்ளிக்கிழமை தமிழ்க் கடை வாசல்களில் கட்டுக்கட்டாகக் கிடக்கும். கறிவேப்பிலையும் மீனும் வாங்க வருகிறவர்கள் ஒன்றை எடுத்துப் பைக்குள் வைப்பார்கள். அதிகம் மீன் வாங்கியவர்கள் இரண்டு எடுப்பார்கள். நாற்பதில் செய்தி ஏழு பக்கம். மிச்சம் வீடு விற்கிறவர்களின் சிரித்த முகங்கள். ஒரே ஆள் ஒரே இதழில் ஐந்து இடத்தில் சிரிப்பார். எல்லோரும் பின்னாலிருந்துதான் வாசிப்பார்கள், ஏனென்றால் இருபத்தைந்திலிருந்து இருபத்தெட்டு வரை மரண அறிவித்தல்கள். ஒருமுறை தவறுதலாக ஒரே உலகச் செய்தியை இரண்டு பக்கத்தில் போட்டுவிட்டோம், ஒருவரும் கவனிக்கவில்லை. ஒரு மரண அறிவித்தலில் மருமகனின் பெயர் விடுபட்டபோது, மருமகன் சனிக்கிழமை விடியவே கதவைத் தட்டினார்.

நான் இதற்கு உதவி ஆசிரியர். செய்தி எடுப்பது, விளம்பரம் வடிவமைப்பது, எழுத்துப்பிழை பார்ப்பது, தொலைபேசிக்குப் பதில் சொல்வது, வெள்ளிக்கிழமை வான் வண்டியில் கட்டுகளை ஏற்றி வோபர்ன் வரை கடை கடையாக இறக்குவது, எல்லாம் அந்தப் பதவிக்குள் அடங்கும். ஆசிரியர் சிவநேசன் அண்ணை. ஐந்து இடத்தில் சிரிப்பவரும் அவர்தான்.

2

எங்கள் வீட்டில் எழுத்து வாசிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பா மற்றவர்களின் படகில் கூலிக்குப் போனவர். எனக்குப் பத்து வயதில் புலமைப்பரிசில் பரீட்சை முடிவுகள் பேப்பரில் வந்தன, வெறும் சுட்டெண்களாக. அப்பா அந்தப் பேப்பரை வாங்கி வந்து, என் எண் எங்கே என்று கேட்டார். விரலால் காட்டினேன். அவர் பிளேட்டால் வெட்டி எடுத்து அடையாள அட்டையோடு பொலித்தீன் பைக்குள் வைத்தார். வெட்டியது எனக்கு மேலிருந்த வரி. வேறு யாரோ ஒரு பிள்ளையின் எண்ணை எட்டு வருடம் சோதனைச் சாவடிகளிலெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமைப்பட்டார். நான் திருத்தவில்லை. பேப்பரில் வந்தால் அது நடந்தது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கையின் செலவில்தான் நான் படித்தேன். படித்து, இங்கே வந்து, பேப்பரிலேயே வேலைக்கும் சேர்ந்தேன்.

எங்கள் மரண அறிவித்தலுக்கு ஒரு முறை உண்டு. இறந்தவருடைய சொந்தக்காரர் எல்லோருடைய பெயரும் வரவேண்டும். உயிரோடு இருப்பவர் என்றால் பெயருக்குப் பக்கத்தில் நாடு. இல்லாதவர் என்றால் பெயருக்கு முன்னால் ‘காலஞ்சென்ற’. மூன்றாவது வகை கிடையாது. இருபது வருடமாக இந்த இரண்டையும் வைத்தே எங்கள் சனத்தின் கணக்கெடுப்பு நடக்கிறது.

நான் தட்டச்சுச் செய்யச் செய்ய ஷாலினி என் தோளுக்கு மேலால் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தமிழ் எழுத்துக்கூட்டி வாசிப்பாள்.

“தருமலிங்கம், கனடா. ராசமணி, கனடா. செல்வராணி, சுவிஸ். அப்பா, வை டஸ் எவ்ரிவன் ஹாவ் அ கன்றி? இட்ஸ் லைக் த ஒலிம்பிக்ஸ்!”

“வாயை மூடு பிள்ளை,” என்றார் அங்கிள். ஆனால் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. தகப்பன் செத்த அடுத்தநாள் சிரித்ததற்காக உடனே கைலேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

“அடுத்தது குகன்,” என்றேன் நான். “எந்த நாடு?”

ஒருவரும் சிரிக்கவில்லை.

3

குகன் வன்னியில் கூட்டுறவுச் சங்க லொறி ஓட்டியவர். கடைசி நாட்களில் மனைவி வசந்தியோடும் இரண்டு பிள்ளைகளோடும் வெளியே வந்து வரிசையில் நின்றபோது, இராணுவத்தினர் ஆண்களைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு பஸ்ஸில் ஏற்றினார்கள். வசந்தியும் பிள்ளைகளும் வேறு பஸ்ஸில் வவுனியா முகாமுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் பஸ் எங்கே போனது என்று யாரும் சொல்லவில்லை.

அங்கிள் ஒரு தாளை மேசையில் வைத்தார். அவருடைய கையெழுத்து. அதில் ‘காலஞ்சென்ற குகன்’ என்று இருந்தது.

அன்ரி அதை வாசித்துவிட்டு எழுந்து நின்றார். “ஆர் அண்ணை உனக்குச் சொன்னது?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. இரு.”

“அப்ப என்னெண்டு எழுதினாய்?”

“பிள்ளை, நான் வசந்தியையும் பிள்ளையளையும் இஞ்ச எடுக்கிறதுக்கு ஓடித்திரியிறன். படிவத்தில கலியாணம் கட்டினவரோ, விதவையோ, பிரிஞ்சவரோ எண்டு கேக்கிறான். இது மூண்டும் இல்லாத ஆளுக்குப் பெட்டி இல்லை. புருசன் இருக்கிறார் எண்டால் அவர் எங்கை எண்டு கேப்பான். விதவை எண்டால் பைல் நகரும் எண்டு ஆலோசகர் சொல்லுறார். மரணச் சான்றிதழ் எடுக்க ஏலாது. பேப்பரில வந்த அறிவித்தலை மொழிபெயர்த்துச் சத்தியக்கடதாசியோட குடுத்தால் காணுமாம்.”

அந்தக் குடிவரவு ஆலோசகர் எங்கள் பதினொன்றாம் பக்கத்தில் வாராவாரம் கால் பக்கம் விளம்பரம் போடுகிறவர். விளம்பரத்தில் அவருக்குப் பின்னால் ஒரு விமானம் மேலே ஏறிக்கொண்டிருக்கும்.

“உயிரோட இருக்கிற தம்பியை நீ பேப்பரில கொல்லுறாய்,” என்றார் அன்ரி.

“நான் கொல்லேல்லை ராசு. நான் படிவம் நிரப்புறன்.”

அதைச் சொல்லிவிட்டு அங்கிள் தாளை என் பக்கம் தள்ளினார். அவர் கல்நெஞ்சக்காரர் இல்லை. மே மாதம் முழுவதும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு நகரின் நடுவீதியில் போரை நிறுத்தச் சொல்லிப் பதாகையோடு நின்று தொண்டை கட்டிப் போனவர். கத்தியது ஒன்றுக்கும் உதவவில்லை என்றான பிறகு, படிவமாவது உதவும் என்று நம்பினார்.

நான் இரண்டு யோசனை சொன்னேன். ‘இலங்கை’ என்று போடலாம். “போட்டால் ஆலோசகர் அதைத்தான் முதலில வெட்டுவார்,” என்றார் அங்கிள். பெயரையே விட்டுவிடலாம். “விட்டால் அவன் பிறக்கவே இல்லை எண்டாகும்,” என்றார் அன்ரி.

பிறகு என் கடமை ஞாபகம் வந்தது. “உறுதிப்படுத்தாத செய்தியை நாங்கள் போடுறேல்லை அண்ணை. இரண்டாம் பக்கத்தில எழுதியிருக்கு.” எழுதியது நான்தான். வாசித்ததும் நான் மட்டும்தான் என்பது சிவநேசன் அண்ணையின் முகத்தைப் பார்க்கத் தெரிந்தது.

“தம்பி உதவி ஆசிரியர்,” என்றார் அவர், மிகவும் அன்பாக. “நாலு அறை வீடு எண்டு விளம்பரம் போடேக்கை நீர் போய் அறையை எண்ணினீரோ? இது விளம்பரம். காசு குடுக்கிறவர் சொல்லுறதை அச்சடிக்கிறது. செய்தி எண்டால் அது வேறை.”

“செய்தியும் நாங்கள் எண்ணிப் போடுறேல்லைத்தானே அண்ணை,” என்றேன்.

“அதுதான். பிறகேன் இதுக்கு மட்டும்?”

ஷாலினி, “வெயிற். சித்தப்பா, டிட் ஹீ டை ஓர் நொட்?” என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்ல அந்த அறையில் இரண்டு மொழியிலும் ஆள் இல்லை. கடைசியில், வசந்தியைக் கேட்டு அவள் சொல்கிறபடி செய்வது என்று முடிவானது. முகாமிலிருந்து அவளாகப் போன் எடுத்தால்தான் உண்டு. அன்ரி யாருக்கோ சொல்லி அனுப்பினார். பக்கங்கள் வியாழன் பின்னேரம் நான்கு மணிக்கு அச்சகம் போயாக வேண்டும்.

4

வியாழன் காலை பதினொரு மணிக்கு அன்ரியின் செல்போன் அடித்தது. அன்ரி அப்போது என் மேசைக்கு முன்னால்தான் இருந்தார். ஏழு மணியிலிருந்தே இருந்தார். ஸ்பீக்கரில் போட்டார். முகாமில் செல்போன் வைத்திருக்கக் கூடாது. யாரோ மாப் பைக்குள் ஒளித்து வைத்திருந்ததைக் கடன் வாங்கி எடுத்ததால் வசந்தி வேகமாகவும் மெதுவான குரலிலும் பேசினாள். மாமாவின் மரணத்துக்கு முதலில் அழுதாள். அதற்கும் அதிக நேரம் எடுக்கவில்லை.

அன்ரி விசயத்தைச் சொன்னார். சொல்லி முடிக்க அவருக்கு மூன்று தரம் தேவைப்பட்டது.

மறுமுனையில் பின்னால் பிள்ளைகள் சண்டை பிடிக்கும் சத்தம் கேட்டது.

“மச்சாள், அப்பிடிப் போட்டால் பிள்ளையளை வெளியில எடுக்கலாமோ?”

“எடுக்கலாம் எண்டுதான் அண்ணை சொல்லுறார்.”

“அந்தப் பேப்பர் இஞ்ச வருமோ?”

அன்ரி என்னைப் பார்த்தார். “வராது,” என்றேன். பிறகு உண்மையைச் சொல்ல வேண்டுமே என்று, “இணையத்தில போடுறனாங்கள். ஆனா இதைப் போடமாட்டன் அக்கா,” என்றேன்.

“ஆர் தம்பி நீங்கள்?”

“பேப்பரில வேலை செய்யிறன்.”

“அப்ப தம்பி, வடிவாக் கேளுங்கோ. கனடாவில மட்டும் அவர் செத்திருக்கட்டும். இஞ்ச நான் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறன். பொட்டு வைச்சுக்கொண்டுதான் ஒவ்வொரு நாளும் போய்ப் பிடிச்சு வைச்சிருக்கிறவையின்ர பட்டியல் பாக்கிறன். ரெண்டுக்கும் நடுவில கடல் கிடக்குத்தானே. அது போதும்.”

தொடர்பு அறுந்தது. அன்ரி செல்போனைக் கைப்பைக்குள் வைத்து, பைக்குச் சிப் இழுத்து, “போடு தம்பி,” என்றார். ‘காலஞ்சென்ற’ என்ற சொல்லை என் வாழ்க்கையில் ஆயிரம் தரம் அடித்திருப்பேன். அன்று அதில் இரண்டு எழுத்துப்பிழை விட்டேன்.

அறிவித்தல் இருபத்தேழாம் பக்கத்தில் வந்தது. அரைப் பக்கம், கறுப்பு வெள்ளை.

5

வெள்ளிக்கிழமைகளில் நாற்பது பக்கத்தையும் இணையத்தில் ஏற்றுவது என் வேலை. கொடுத்த வாக்குப்படி முப்பத்தொன்பது ஏற்றினேன். இருபத்தாறுக்குப் பிறகு இருபத்தெட்டு.

பொய் சொல்லிப் பழக்கப்பட்ட ஒருவர் அந்த இடத்தில் ஒரு வீட்டு விளம்பரத்தை வைத்துப் பக்கத்தை நிரப்பியிருப்பார். எனக்கு அந்தப் பயிற்சி இல்லை. நான் மறைத்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

மதியத்துக்கு முன்பே சுவிஸிலிருந்து ஒருவர் போன் எடுத்தார். “தம்பி, இருபத்தேழைக் காணேல்லை.” தொழில்நுட்பக் கோளாறு என்றேன். பிறகு பாரிஸ். “ஆற்ற சாவைத் தம்பி மறைக்கிறியள்?” பிறகு லண்டன். அந்த மாதங்களில் யாருடைய மரணத்தை நம்புவது, யாருடையதை நம்பக்கூடாது என்பதில் எங்கள் சமூகமே இரண்டாகப் பிரிந்திருந்தது. அந்த நேரத்தில் ஒரு தமிழ்ப் பத்திரிகையின் மரணப் பக்கம் காணாமல் போனால் என்ன ஆகும் என்று யோசிக்க, புலமைப்பரிசில் எடுத்த எனக்குத் தோன்றவில்லை. சனி மாலைக்குள் மூன்று விளக்கங்கள் உலாவின. இலங்கைத் தூதரகம் மிரட்டிவிட்டது. சிவநேசன் அண்ணை காசு வாங்கிவிட்டார். பெரிய ஆள் ஒருவருடைய அறிவித்தல் அதில் இருந்தது.

“நான் காசு வாங்கினதாம்!” என்று சிவநேசன் அண்ணை மேசையில் அடித்தார். “அரைப் பக்கத்துக்கு விலையில கழிவு குடுத்தனான், அதை ஒருத்தனும் கதைக்கிறானில்லை.”

ஞாயிற்றுக்கிழமை வோபர்னில் ஒரு கடை வாசலில் எடுத்த பிரதியை யாரோ ஸ்கான் செய்து, ‘இருட்டடிப்புச் செய்யப்பட்ட பக்கம்’ என்று தலைப்புப் போட்டு மின்னஞ்சலில் அனுப்பினார்கள். கண்டங்கள் தாண்டிப் போனது. திறந்து பார்த்தவர்களுக்கு அங்கே இருந்தது: கதிரவேலு அவர்களின் மரண அறிவித்தல், ஓர் அம்மாவின் முப்பத்தோராம் நாள் நன்றி நவிலல், கோடை காலத்தில் மலிவு விலையில் பனிக்காலக் கார் டயர். ரகசியம் இருந்தாக வேண்டும் என்பதால் ஒவ்வொரு பெயராகத் தேடினார்கள். எங்கள் நாற்பது பக்கத்தில் இதுவரை எந்தப் பக்கமும் இவ்வளவு கவனமாக வாசிக்கப்பட்டதில்லை. தேடியதில், லண்டனில் குகனைத் தெரிந்த ஒருவர் குகனைக் கண்டார்.

லண்டனிலிருந்து அது வவுனியா நகரத்துக்குப் போனது. அங்கே ஒரு சொந்தக்காரர் உடுப்புப் பார்சலோடு முகாம் வேலிக்குப் போனார். வேலியடிக்கு ஓடிவந்தவள் வசந்தியின் எட்டு வயது மூத்த மகள். அவர் பிள்ளையின் தலையைத் தடவி, அப்பாவுக்காகத் துக்கம் விசாரித்தார். பெரிய மனிதர் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். அன்று பின்னேரம் அயல் கூடாரங்களிலிருந்து பெண்கள் வசந்தியிடம் வந்து, சுற்றியிருந்து அழுதார்கள். வயதான ஒருத்தி அவளுடைய நெற்றிப் பக்கம் கையைக் கொண்டுபோனாள். வசந்தி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

இதெல்லாம் எங்களுக்கு மூன்று வாரம் கழித்துத்தான் தெரிந்தது. அன்ரிக்கு வந்த அழைப்பில் வசந்தி கோபப்படவில்லையாம். “கடல் வத்திப்போச்சு மச்சாள்,” என்று மட்டும் சொன்னாளாம். பெரியவள் நான்கு நாளாக ஒருவரோடும் கதைக்கவில்லை என்றும் சொன்னாளாம்.

நான் திருத்தம் போடுவோம் என்றேன். “திருத்தம் வந்தால் பைல் முடிஞ்சுது,” என்றார் அங்கிள். “மரணத்துக்குத் திருத்தம் போட்ட பேப்பர் உலகத்தில இல்லை,” என்றார் சிவநேசன் அண்ணை. இரண்டாம் பக்கத்தில் இருந்த என் வாக்கியத்தை எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். “அது கிடக்கட்டும், வடிவாத்தான் கிடக்கு,” என்றார். அதற்கு மேல் நான் நின்று சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருக்க வேண்டும்.

6

இரண்டு வருடமாகிவிட்டது. வசந்தியையும் பிள்ளைகளையும் முகாமிலிருந்து வெளியே விட்டு ஒரு வருடமாகிறது. அவள் ஊரில் கோழி வளர்க்கிறாள். பட்டியல் பார்க்கும் இடம்தான் மாறியிருக்கிறது. போன வாரம் அங்கிள், அன்ரி, ஷாலினி மூவரும் கதிரவேலு அவர்களின் இரண்டாம் ஆண்டு நினைவஞ்சலி போட வந்தார்கள். அங்கிளின் சட்டைப் பையில் குடிவரவு அலுவலகத்திலிருந்து வந்த கடிதம் ஒன்று இருந்தது.

ஷாலினி இப்போது பல்கலைக்கழகம் போகிறாள். கடிதத்தை அவள்தான் வாசித்துச் சொன்னாள். மிகவும் மரியாதையான கடிதம். செய்தித்தாள் அறிவித்தல் ஒன்றை மரணத்துக்கான ஆதாரமாக ஏற்க முடியாது; உரிய அரசாங்கம் வழங்கிய சான்றிதழ் தேவை; அது இல்லாமையால் விண்ணப்பம் மேலே எடுத்துக்கொள்ளப்படவில்லை.

“மீனிங், அப்பா, தே டோன்ட் பிலீவ் ஹீ இஸ் டெட்.”

அன்ரியின் முகத்தில் இரண்டு வருடமாக நான் பார்க்காத ஒரு வெளிச்சம் வந்தது. “கேட்டியோ அண்ணை? கனடா அரசாங்கமே ஏற்கேல்லை! வெள்ளைக்காரனே நம்பேல்லை!”

“விசா இல்லை எண்டிறான் ராசு, நீ சிரிக்கிறாய்.”

“நான் சிரிப்பன். அவன் சாகேல்லை எண்டு எனக்கு வேறை ஆர் இவ்வளவு காலமும் சொன்னவை?”

நினைவஞ்சலிக்கு நான் பழைய கோப்பைத் திறந்து வைத்திருந்தேன். அங்கிள் திரையைப் பார்த்தார். “தம்பி, குகனுக்கு முன்னால கிடக்கிற அந்தச் சொல்லை எடுத்துவிடும்.”

“நாடு போடட்டோ அங்கிள்?”

“ஒண்டும் போடாதையும். பேரை மட்டும் விடும்.”

சிவநேசன் அண்ணை தன் அறையிலிருந்து கத்தினார்: “வெட்டுறதுக்குக் காசு எடுக்கிறேல்லை!”

அன்ரி அங்கிருந்தே வசந்திக்குப் போன் எடுத்து ஸ்பீக்கரில் போட்டார். கடிதத்தின் சங்கதியைச் சொன்னார். வசந்தி, “பரவாயில்லை மச்சாள். அத்தான் எவ்வளவு செலவழிச்சவர்?” என்று கேட்டாள்.

அங்கிள் கடித உறையைத் திருப்பி அதன் முதுகில் எழுதத் தொடங்கினார். ஒவ்வொன்றாகச் சத்தமாகச் சொன்னார். அறிவித்தல் நூற்றெண்பது. அதற்கு வரி ஒன்பது. அரசாங்கம் அந்தச் சொல்லை ஏற்கவில்லை. சொல்லுக்கான வரியை ஏற்றுக்கொண்டது. மொழிபெயர்ப்பும் சத்தியக்கடதாசியும் எண்பத்தைந்து. ஆலோசகர் முந்நூற்றைம்பது. கூரியர் அறுபத்திரண்டு.

“என்ர செலவையும் எழுதுங்கோ அத்தான்,” என்றாள் வசந்தி. “அண்டைக்கு அழ வந்த பொம்பிளையளுக்குத் தேத்தண்ணி குடுக்க வேண்டியதாப் போச்சு. அரைக்கிலோ சீனி வாங்கினனான். முகாம் விலை.”

அவள் விளையாட்டாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அங்கிள் அதை விளையாட்டாக எடுக்கவில்லை. விலை கேட்டு, கீழே எழுதி, கோடு கீறினார். ரூபாவை டொலருக்கு மாற்றவில்லை.

அறுநூற்றெண்பத்தாறு டொலரும் நூற்றிருபது ரூபாவும்.